நான் நிறுத்திவைத்த மாத்திரைகள்

போர்வையைப் பிழியும்போது என் மனைவி பிலோமினாவின் வலது முன்கை எலும்பு முறிந்தது. அவள் கீழே விழவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. ஈரப் போர்வையின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறுமுனையை அவள் முறுக்கினாள். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. "இன்னாங்க, கை போச்சு" என்றாள். அழக்கூட இல்லை. அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்பில் இருந்தோம். தொழிற்சாலையில் எனக்குத் தர ஆய்வுப் பிரிவில் வேலை. கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் உருப்படிகளை வரைபடத்தோடு ஒப்பிட்டு, அளவு சரியென்றால் முத்திரை குத்துவேன், தவறென்றால் ஒதுக்குவேன். பிலோமினா கரையான்சாவடிப் பெண். மெயின் ரோட்டில் அவள் அப்பாவுக்கு சைக்கிள் கடை இருந்தது. வாய் ஓயாமல் பேசுவாள், என்னை 'இன்ஸ்பெக்டர்' என்று கிண்டல் செய்வாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இப்போது யோசித்தால் அறிகுறிகள் இரண்டு வருடங்களாகவே வரிசை கட்டி நின்றிருக்கின்றன. ஓயாத தாகம். இரண்டு முறை சிறுநீரகக் கல். கீழ்த்தாடையில் ஒரு வீக்கம், அதைப் பல்வலி என்று நினைத்தோம். படி ஏறினால் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பகலில் படுத்தே கிடந்தாள். சோம்பேறித்தனம் என்று நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதை எழுதாமல் விட்டுவிடலாம்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் நான் நல்லவனாகத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

கையில் மாவுக்கட்டு போட்டு வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறவர், அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். "அண்ணிக்கு எலும்புல சத்து இல்ல சார். ஆட்டுக்கால் சூப்பு வெச்சுக் குடு. பாலு நெறயா குடு. ஒரே மாசத்துல ஜம்முனு எய்ந்து ஒக்காரும் பாரு" என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எலும்பு பலவீனம் என்றால் சுண்ணாம்புச் சத்து குறைவு, குறைந்ததைப் போட்டு நிரப்ப வேண்டும். தினமும் ஒரு லிட்டர் பால், கேழ்வரகுக் கஞ்சி, ஆட்டுக்கால் சூப், முட்டை ஓட்டைப் பொடித்துத் தேனில் குழைத்து ஒரு ஸ்பூன், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கால்சியம் மாத்திரை. எல்லாவற்றையும் என் கையாலேயே கொடுத்தேன். வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் மூக்கைப் பிடித்துக் குடிக்கச் சொன்னேன்.

ஆறாவது வாரம் வாந்தி தொடங்கியது. பிறகு தூக்கம், எழுப்பினாலும் எழாத தூக்கம். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது திறந்து பார்த்துவிட்டு, "அவரு ஊட்ல இல்லியே, நீங்க யாரு?" என்றாள்.

தொழிற்சாலை மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடனே நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர் அவளுடைய விரல்களின் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விரல் எலும்புகளின் ஓரம் எலி கொறித்ததுபோல் இருந்தது.

நோயின் பெயர் பாராதைராய்டு மிகைச் சுரப்பு. (பாராதைராய்டு என்பவை கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், அரிசி மணி அளவே உள்ள நான்கு சுரப்பிகள். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கவனித்துக்கொள்வது அவற்றின் வேலை.)

"நாலுல ஒண்ணு பெருசாயி, கட்டுப்பாடில்லாம சுரக்குது" என்றார் பெரிய டாக்டர். "எலும்புல இருக்கிற சுண்ணாம்பை எல்லாம் உருவி இரத்தத்துல விடுது. எலும்பு காலி, இரத்தத்துல அளவுக்கு மேல. அதுதான் கிட்னியில கல்லாப் போயி உட்காருது. இதுல நீங்க வேற பாலும் கால்சியமும் குடுத்திருக்கீங்க. எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தின கதை."

அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. என் மனைவிக்கு என் கையாலேயே விஷம் வைத்திருக்கிறேன் என்றுதான் எனக்குப் புரிந்தது.

இரத்தத்தில் ஏறியிருந்த சத்தை டிரிப்ஸ் ஏற்றிக் குறைத்தார்கள். அறுவைக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதுவரை உண்ணக்கூடாதவற்றைப் பெரிய டாக்டரே ஒரு தாளில் எழுதினார். பால், தயிர், மோர், கேழ்வரகு, எலும்பு சூப், கால்சியம் மாத்திரை எதுவும் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கீழே கையெழுத்து, முத்திரை. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன்.

நான்கு மாதம் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுப் பால் வரவில்லை. பிலோமினா பாலில்லாத தேநீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். "இந்த கண்றாவிய குடிக்கிறதுக்கு ஆபரேஷன் டேபிள்லயே போயி சேர்ந்துடலாம்" என்பாள். நான் சிரிக்க மாட்டேன். சுவரைக் காட்டுவேன்.

அறுவை மூன்றரை மணி நேரம் நடந்தது. அந்நாளில் எந்தச் சுரப்பி கெட்டது என்று முன்கூட்டியே படம் பிடித்துச் சொல்ல எங்கள் மருத்துவமனையில் வசதி இல்லை. கழுத்தைத் திறந்து நான்கையும் தேடிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இடது கீழ்ச் சுரப்பி. ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். இலந்தைப் பழத்தின் அளவு, அதே பழுப்பு நிறம். கழித்துப் போட்ட உருப்படியைப் பார்ப்பதுபோல் அதை நெடுநேரம் பார்த்தேன். எங்கள் வாழ்க்கையின் பழுது அதுதான், வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை பார்வை நேரத்தில் போனபோது அவள் முகமே வேறாக இருந்தது. "எலும்பு வலி இல்லங்க" என்றாள். குரல் சற்றுக் கம்மியிருந்தது. "சத்தியமா இல்ல. யாரோ வந்து பாரத்த எறக்கி வெச்சிட்டு போன மாறி கீது." அன்று நான் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மகிழ்ச்சியில் நான் அழுதது அது ஒரு முறைதான்.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டைக் கொடுத்தது ஒரு இளம் பெண் டாக்டர். என் தங்கை வயதுகூட இருக்காது. "கால்சியம் மாத்திரை ஒரு நாளைக்கு நாலு வேளை, வைட்டமின் டி ஒரு வேளை. ஒரு வேளைகூட விடக்கூடாது. பால் நிறையக் குடுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரிய டாக்டர் பால், கால்சியம் எதுவும் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரே மேடம்?"

"அது ஆபரேஷனுக்கு முன்னாடி சார். இப்போ தலைகீழ். சுரப்பியை எடுத்தாச்சு. இத்தனை நாள் பட்டினி கிடந்த எலும்பு இப்போ இரத்தத்துல இருக்கிற சுண்ணாம்பை எல்லாம் இழுத்துக்கும். நாம வெளியில இருந்து குடுத்துக்கிட்டே இருக்கணும்." (இதற்கு எலும்புப் பசி என்று பெயர். எலும்பு எவ்வளவு அரித்துப்போயிருக்கிறதோ அவ்வளவு பசி.)

நான் தலையாட்டினேன். மாத்திரைகளையும் வாங்கினேன். ஆனால் நம்பவில்லை.

இதை வெளியாட்களுக்கு விளக்குவது கடினம். எங்கள் பிரிவில் எழுத்தில் வந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டுமானால் அதே அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் தர வேண்டும். கீழே உள்ளவர் சொன்னார் என்று ஒரு அளவை மாற்றினால் முத்திரை குத்தியவன் தலைதான் உருளும். ஒருமுறை ஓர் அதிகாரியின் வாய் வார்த்தையை நம்பி உருப்படிகளைப் பாஸ் செய்து, அவர் பிறகு கையை விரிக்க, மெமோ வாங்கியவன் நான். அதிலிருந்து சந்தேகம் வந்தால் ஒரே வழிதான். ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. சிவப்புச் சீட்டுக் கட்டி நிறுத்திவைக்க வேண்டும்.

பெண் டாக்டரின் கையெழுத்து சீட்டில் இருந்தது. அது எனக்குப் போதவில்லை. சுவரில் இருந்தது பெரியவரின் கையெழுத்து. அவர் வெளியூர் போயிருக்கிறார், பத்து நாளில் பரிசோதனைக்குப் போகும்போது பார்க்கலாம் என்றார்கள். கால்சியம் மாத்திரைகளை அலமாரியின் மேல்தட்டில் நிறுத்திவைத்தேன். இதற்கு அடியில் இருந்தது பயம்தான். ஒருமுறை பால் கொடுத்து அவளைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனவன், மறுபடி கொடுக்க என் கை வரவில்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள், "வாயச் சுத்தி எறும்பு ஊர்ற மாறி கீதுங்க. வெரல் நுனியும் மரத்துப் போவுது" என்றாள். கழுத்தில் தையல் போட்டிருக்கிறார்கள், நரம்பு இழுக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும், ஆனால் தெரிந்தவன்போல் சொன்னேன்.

அன்று மாலை கன்னியப்பனின் மனைவி ஒரு சொம்பு நிறைய காய்ச்சிய பால் கொண்டுவந்தார். வாசலிலேயே நிறுத்தி, டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்று திருப்பி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "ஒரு டம்ளர் பாலு குடுங்களேன்" என்றாள்.

"கூடாது பிலோ."

"வார்டுல குடுத்தாங்களே. தெனமும் ரெண்டு வேள குடுத்தாங்க. மாத்திரையும் குடுத்தாங்க."

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. அவளுக்கு அங்கே என்ன கொடுத்தார்கள் என்று நான் பார்த்ததில்லை. அவள் சொன்ன அந்த நிமிடம் நான் யோசித்திருக்க வேண்டும். "அங்க டாக்டருங்க பக்கத்துல இருந்தாங்க. இங்க நான்தானே இருக்கேன்" என்றேன்.

"உங்க ஆபீஸ் ரூல்ஸெல்லாம் ஊட்டுக்கு இட்டுகினு வராதீங்க" என்றாள். அதில் கிண்டல் இல்லை. பிறகு மெதுவாக, "ஒரு வாயாச்சும்" என்றாள்.

அவள் உடம்பு தனக்கு வேண்டியதைச் சரியாகக் கேட்டது. நான் மறுத்தேன்.

நான்காம் நாள் நண்பகல். அவள் இரு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒட்டிக் குவிந்துவிட்டன. பிரித்துவிடப் பார்த்தேன், முடியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்த கண் மேலே செருகியது. வலிப்பு வந்தது. கட்டிலோரத்தில் கால் உதைத்தபோது போர்வை பிழிந்த அன்று கேட்ட அதே சத்தம் கேட்டது, இம்முறை தொடையிலிருந்து.

நான் போட்ட கூச்சலில் கன்னியப்பன் ஓடிவந்தார். "இன்னா சார் மரம் மாறி நின்னுகினு கீற? தூக்கு சார், கால புடி, மெதுவா!" வேனில் பின் இருக்கையில் அவளைக் கிடத்தி ஆவடியிலிருந்து நகரம்வரை அவர் எப்படி ஓட்டினார் என்று தெரியாது. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப்பையில் அந்த மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. எப்போது எடுத்து வைத்தேன் என்றும் தெரியாது.

அதே பெண் டாக்டர்தான் இருந்தார். பிலோமினாவின் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டினார். மேலுதடு துடித்தது, இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டதன் அடையாளம் அது. நரம்பில் கால்சியம் ஊசியை மிக மெதுவாக ஏற்றினார். சற்று நேரத்தில் குவிந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அவளுக்கு நினைவு தெளிந்ததும் டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "மாத்திரை குடுத்தீங்களா இல்லையா?"

சட்டைப்பையில் இருந்த அட்டைகளைக் கையால் மூடிக்கொண்டேன்.

"குடுத்தாரு டாக்டர்" என்றாள் பிலோமினா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தான் கசக்குதுன்னு துப்பிட்டேன்."

டாக்டர் அவளை வார்டே கேட்கும்படித் திட்டினார். படித்துப் படித்துச் சொன்னேனே, சின்னக் குழந்தையா நீ, உயிர் போயிருக்கும் தெரியுமா, இப்போது தொடையெலும்பு முறிந்திருக்கிறது, யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் மாத்திரையை நிறுத்திவைத்தது அல்ல, அந்த மூன்று நிமிடம் அங்கே வாய்மூடி நின்றதுதான்.

இனி அறுவையின் பலன்களைச் சொல்ல வேண்டும். இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். அறுவை வெற்றி. சுரப்பு அடங்கியது. தாடை வீக்கம் ஒரு வருடத்தில் வற்றியது. அரித்துப்போன விரல் எலும்புகள் எக்ஸ்ரேவில் மெல்ல மெல்ல வெளுத்து உறுதியாயின. மறதி போயிற்று. புதிதாகக் கல் வரவில்லை. குரலும் திரும்பியது. உரிய வேளையில் கால்சியம் கொடுத்திருந்தால் அவள் இரண்டு மாதத்தில் கரையான்சாவடிக்கு நடந்தே போயிருப்பாள். ஆனால் முறிந்த தொடைக்காகக் காலில் எடை கட்டி மூன்று மாதம் படுத்துக் கிடந்தாள். எலும்பு கூடியது, கோணலாக. ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாயிற்று. அதற்குப் பிறகு கைத்தடி இல்லாமல் அவள் நடக்கவில்லை.

வலிப்பு வந்து வார்டில் சேர்த்த மறுநாள் காலை, நர்ஸ் மாத்திரையை என்னிடம் நீட்டி, கொடுங்கள் என்றார். பிலோமினா கையை நீட்டி, "என்கிட்ட குடு சிஸ்டர்" என்று வாங்கிக்கொண்டாள். தற்செயல் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளைப் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள். வேளை தவறாமல் தானே எடுத்துப் போட்டாள். நான் மாத்திரையும் தண்ணீருமாகப் போய் நின்றால், "அங்க வைங்க" என்பாள். நான் நகர்ந்த பிறகு தன் டப்பாவிலிருந்து எடுப்பாள். நான் வைத்தது அப்படியே இருக்கும்.

மாதா கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜெபம் செய்யச் சொன்னார். பெரிய டாக்டரிடமும் ஒருநாள் தனியாகப் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தத் தாளை அன்னிக்கே உங்ககிட்ட இருந்து திருப்பி வாங்கியிருக்கணும்" என்றார். இரண்டு பேரும் எனக்குத் தண்டனை தரவில்லை.

அவளிடம் கேட்கத்தான் ஒரு வருடம் ஆயிற்று. அவள் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அன்னிக்கு டாக்டர்கிட்ட பொய் சொன்ன?"

நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க குடுக்கலன்னு சொன்னா அவங்க என்னை உங்களோட அனுப்புவாங்களா? எனக்கு ஊட்டுக்கு வரணும்."

"அப்போ என்னை நம்பித்தானே வந்த?"

"சோறு ஆக்கிப் போடுறேன். உங்க பக்கத்துல படுக்கிறேன். உங்க சம்பளம், உங்க ஊடு, எல்லாம் சரி." ஒரு காயின் நாரை உரித்துப் போட்டாள். "மாத்திரைய மட்டும் நானே போட்டுக்கறேன். வுடுங்க."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானம் செய்ய ஒரு வழி இருந்திருக்கும். அதற்குப் பிறகு பதினோரு வருடம் நாங்கள் நன்றாகவே வாழ்ந்தோம், சண்டை போட்டோம், சிரித்தோம், பாரிவாக்கத்தில் சின்னதாக ஒரு வீடும் கட்டினோம். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு மாத்திரைகூட என் கையிலிருந்து அவள் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் கால் வீங்கத் தொடங்கியது. சிறுநீரகங்கள் சுருங்கிவிட்டன. அறுவைக்கு முந்தைய வருடங்களில் படிந்த கல்லும் சுண்ணாம்பும் செய்த சேதம், சுரப்பியை எடுத்ததால் அது திரும்பி வராது என்றார்கள். நான் கொடுத்த ஒரு லிட்டர் பாலுக்கும் முட்டை ஓட்டுக்கும் அதில் எவ்வளவு பங்கு என்று கேட்டேன். டாக்டர் அடுத்த பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். இரத்தச் சுத்திகரிப்பு சில மாதங்கள் நடந்தது. ஒருநாள் அவளே போதும் என்றாள்.

என் இடத்தில் இருப்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அறுவைக்குப் பிறகு வாயைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தால், விரல் மரத்தால், நரம்பு என்று சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். பழைய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் அன்றே போய்க் கேளுங்கள், பதில் இளையவர் வாயிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நோயாளி ஒன்றைக் கேட்டால் அது ஏன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் சாப்பாட்டோடு அதே கால்சியம் மாத்திரைதான். கடைசி மாதங்களில் அவள் விரல்களுக்கு அட்டையைக் கிழிக்கும் பலம் இல்லை. ஒரு காலை, கஞ்சி ஊட்டி முடித்தபோது, தலையணைக்கு அடியில் கையை விட்டு டப்பாவை எடுத்தாள். திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. சற்று நேரம் அதை நெஞ்சின்மேல் வைத்திருந்துவிட்டு என் பக்கம் தள்ளினாள்.

நான் எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாக்குறீங்க? குடுங்க."

மாத்திரையை எடுத்து, பெயரை ஒருமுறை படித்து, மறுபடியும் படித்து, அவள் நாக்கில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கழுத்துத் தழும்பு மேலே ஏறி இறங்கியது. அது மன்னிப்பா, வேறு வழியில்லாததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விழுங்கியதும் அவள் வாயை நன்றாகத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"போச்சு, பாத்துக்குங்க" என்றாள்.

பார்த்தேன். அடுத்த வேளைக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. நான் எங்கும் போகாமல் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.